முத்துமாரிக்குப் போட்ட ஈரல்

சுந்தரலிங்கத்தின் ஈரலில் புற்றுநோய் திரும்பி வந்ததற்குக் காரணம் ஓர் ஆடு என்று மாத்தளைக் கடைத்தெருவில் பாதிப்பேர் நம்பினார்கள். மீதிப்பேருக்கு விஷயம் தெரியாது.

மிளகு ஸ்டோரில் கணக்குப் பார்த்த மனுசனுக்கு முதலில் குடலில்தான் வந்தது. வெட்டி எடுத்தார்கள். பிறகு ஈரலுக்குத் தாவியது. கண்டி டாக்டர் அதிலும் ஒரு துண்டை வெட்டிவிட்டு, "பயப்படாதீங்க, ஈரல் வளர்ந்துடும்" என்றார். வளர்ந்தும் விட்டது. சுந்தரலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ தானே உரம் போட்டு வளர்த்ததுபோல் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

அவர் மனைவி புஷ்பவதி முத்துமாரியம்மனுக்கு வெள்ளியில் ஈரல் செய்து போடுவதாக நேர்ந்திருந்தாள். நடராஜா பத்தரிடம் கண்ணுக்கு அச்சு இருந்தது, காலுக்கு இருந்தது, தொட்டில் குழந்தைக்குக்கூட இருந்தது. ஈரலுக்கு இல்லை. அந்த மனுசன் ஈரலை எங்கே கண்டார்? நேராக றஹீம் நானாவின் இறைச்சிக் கடைக்குப் போய், கொக்கியில் தொங்கியதைப் பார்த்து அப்படியே வெள்ளித் தகட்டில் தட்டிக் கொடுத்துவிட்டார். மாசித் தேருக்கு முன் அது உண்டியலில் விழுந்தது.

அடுத்த வருஷம் கண்டியில் ஸ்கேன் எடுத்துத் திரும்பும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஆமிக்காரன் ஒருவன் படத்தை வெயிலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தான். பிறகு அதைச் சுந்தரலிங்கத்தின் கையில் மெதுவாக வைத்தான். தன் வியாதியை முதலில் கண்டுபிடித்தது அவன்தான் என்பது சுந்தரலிங்கத்தின் கட்சி.

டாக்டரும் அதையே சொன்னார். வளர்ந்த ஈரலில் மறுபடி இரண்டு கட்டி. "இன்னொரு தடவை வெட்டலாம். தள்ளிப்போட்டா வெட்ட முடியாமப் போயிடும். திங்கட்கிழமை வந்து படுங்க." எந்த இடத்தில் வெட்டுவார் என்பதைப் படத்தின் உறையிலேயே பேனாவால் வரைந்து காட்டினார்.

புஷ்பவதிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "நம்ம குடுத்தது ஆட்டு ஈரல். ஆத்தா ஆட்டைத்தானே காப்பாத்துவா?"

சும்மா சொல்லக்கூடாது, றஹீம் நானாவிடம் ஒரு கிடாய் இருக்கத்தான் செய்தது. அதை வெட்ட நாள் பார்க்கும்போதெல்லாம் ஊரடங்குச் சட்டம் வரும், இல்லாவிட்டால் நானாவுக்கு வயிற்றோட்டம் வரும். அது பாட்டுக்குக் கடை வாசலில் நின்று தேர்தல் நோட்டீஸ் தின்று கொழுத்தது. அந்த வழியாகப் போனால் சுந்தரலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்தத் தடவை மனுச ஈரலாகவே செய்யச் சொன்னார்கள். பத்தர் கேட்டார்: "முழுசாவா, வெட்டுனதாவா? முழுசாக் குடுத்தா, எல்லாம் சரியா இருக்குன்னு ஆத்தா இருந்துடுவா. வெட்டுனதைக் குடுத்தா, இவ்வளவுதான் அளவுன்னு மேல வளர விடமாட்டா."

சுந்தரலிங்கம் இதை அப்படியே பிடித்துக்கொண்டார். "இது முடிவாகாம நான் கத்திக்குப் படுக்க மாட்டேன்" என்று அறிவித்துவிட்டு, பத்தர் கடையிலேயே உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார். ஒரு சந்தேகம் தீர்ந்தால் இன்னொன்றைக் கிளப்பினார். பித்தப்பையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதிலேயே சனிக்கிழமை போய்விட்டது.

அன்று சாயங்காலம் புஷ்பவதி அவரெதிரே வந்து உட்கார்ந்தாள். "நெசத்தைச் சொல்லுங்க. வெள்ளி ஈரலுக்காகவா போகமாட்டேங்கிறீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "பயமா இருக்கு புஷ்பம். போன தடவை ஒண்ணும் தெரியாமப் படுத்துட்டேன். இப்ப எல்லாம் தெரியும்."

அவள் எழுந்துபோய் அரிசியை ஊறப்போட்டாள்.

வயிற்று வியாதிக்காரரைக் கோயிலில் படுக்கவைத்து, வயிற்றின்மேல் மாவிளக்கு ஏற்றுவது அவர்கள் வழக்கம். எல்லோரும் மாவை உருண்டையாகத்தான் பிடிப்பார்கள். புஷ்பவதி டாக்டரின் படத்தைப் பக்கத்தில் வைத்து ஈரலாகப் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை, வாழையிலைக்கு மேல் தன் ஈரல் நெய்த்திரியோடு எரிய, சுந்தரலிங்கம் மூச்சை அடக்கி மல்லாந்து கிடந்தார். சாமி கும்பிட வந்தவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். திரி அணைந்ததும், டாக்டர் கோடு போட்ட இடத்திலேயே அவள் ஒரு துண்டை வெட்டித் தனியே வைத்தாள்.

நல்ல ஈரலை ஆளுக்குக் கொஞ்சமாய்ப் பிட்டு வாங்கிக்கொண்டார்கள். இனிப்புக் கொஞ்சம் குறைவு என்றார் பத்தர். வெட்டிய துண்டின் பக்கம் ஒருத்தரும் கை நீட்டவில்லை.

"அதை றஹீம் நானாட கிடாய்க்குப் போட்டுருங்க தங்கச்சி" என்றார் பத்தர்.

"வேணாம். ஆத்தா ஒருவாட்டி ஆளை மாத்திக்கிட்டது போதும்."

சொல்லிவிட்டு அவளே அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். சீனி வருத்தக்காரி, வெல்லத்தைத் தொடக்கூடாது என்று அதே ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவசரமில்லாமல் மென்றாள். மாவு தொண்டையில் அடைத்து, கண்ணில் தண்ணீர் வந்தது. முழுசையும் விழுங்கினாள்.

சுந்தரலிங்கம் படுத்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, சால்வை நுனியால் அவள் வாயைத் துடைத்துவிட்டார்.

"நாளைக்குக் கண்டிக்கு மொத பஸ் எத்தனைக்கு?" என்றார்.