அரைக்கட்டை கீழே

மச்சானின் பழைய சிவப்பு எலக்ட்ரிக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற கை என்னுடையது. இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டே ஒயரைச் சரியாகச் சொருகிவிடும். இன்றைக்குக் கிட்டார் ஒயரை இரண்டு முறை தவறான ஓட்டையில் சொருகினேன். எதிரே மச்சான், வலது கை தலையணைமேல் கிடக்க, புதிதாகச் சவரம் செய்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வாயில் வருவது 'இல்ல' என்ற ஒரே சொல்தான். பசிக்கிறதா என்றாலும் இல்ல, அக்கா பெயரைக் கேட்டாலும் இல்ல.

பேச்சு போன சிலருக்குப் பாட்டு மிஞ்சியிருக்கும், பழகின பாட்டை வாசித்துப் பாருங்கள் என்று பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள் சொல்லியிருந்தாள். அதிலிருந்து அக்காவுக்குத் தூக்கமில்லை. சற்றுமுன் சமையலறைக்குள் என்னை இழுத்து நிறுத்தினாள்.

"பாட்டும் வரலேன்னா அப்புறம் எதை நம்பிடா நான் உக்காந்திருக்கிறது? இன்னைக்கே வாசிக்கணுமா?"

"வாசிச்சுப் பாத்துடலாம்க்கா," என்று சொல்லிவிட்டுக் கிட்டாரை எடுக்கப் போனேன்.

மச்சான் வேலை பார்த்த அச்சகத்தின் பின்னால் ஒரு காகிதக் கிடங்கு. ஞாயிறுதோறும் அங்கேதான் எங்கள் கூத்து. அவருக்குச் சிவப்பு கிட்டார், எனக்கு வெண்ணெய் நிறத்தில் ஒன்று. வாலியூமைத் திருகினால் என்னுடையது கரகரவென்று இருமும். இரண்டும் எங்களைவிட வயதில் மூத்தவை. வேறு யாராவது தொட்டால் கெட்ட கோபம் வரும். டிரம்ஸ் அடித்தவனுக்குத் தகரம் என்று பெயர். அக்காவைப் பற்றி எழுதிய பாட்டை அக்காவின் எதிரிலேயே பாடிவிட்டு, அது யாரோ ஒருத்தி என்று கூசாமல் சாதித்தவர் மச்சான்.

இன்றைக்குத் தகரமும் வந்திருந்தான்; அந்தப் பாட்டைத்தான் எடுத்தோம். தகரம் நாற்காலிப் பலகையில் தாளம் போட்டான். மச்சானின் இடது விரல்கள் சரியாகத் தட்டின. பாட வேண்டிய இடம் வந்ததும் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மறுபடி வாசித்தோம். "இல்ல," என்றார். மறுபடியும். "இல்ல... இல்ல." அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தகரம் கையை நிறுத்தினான். "டேய், எனக்கே என்னமோ ஒட்ட மாட்டேங்குது. நாம வாசிச்ச பாட்டு மாதிரியே இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. போனைப் பார்த்துச் சுத்தமாகச் சுருதி சேர்த்திருந்தேன். நாங்கள் ஒரு நாளும் அப்படி வாசித்ததில்லை. வாங்கும்போதே சிவப்பு கிட்டாருக்குக் கழுத்து வளைந்திருந்தது. கம்பியை முழுக்க இழுத்துக் கட்டினால் இன்னும் வளையும். அதனால் இரண்டு கிட்டாரிலுமே சுருதியை அரைக்கட்டை இறக்கி வைப்போம். மச்சானின் குரலும் அந்தச் சுருதியிலேயே குடியேறிவிட்டது. அவர் படுத்தபிறகு, நல்லது செய்கிறேன் பேர்வழி என்று நான்தான் கடையில் கொடுத்து அந்தக் கழுத்தை நிமிர்த்தி வாங்கி வந்தேன்.

கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். இனிமேல் சாக்குச் சொல்ல எதுவும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இதிலும் வரவில்லையென்றால் வராது.

முன்னிசையை ஆரம்பித்தேன். மச்சானின் தலை நிமிர்ந்தது. பாட்டு தொடங்கும் இடம் நெருங்கியதும் பயந்துபோய், முன்னிசைக்கே திரும்பிப் போனேன். இன்னொரு முறையும். அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள்.

மச்சான் என்னை முறைத்தார். கிடங்கில் நான் தேவையில்லாமல் முன்னிசையை இழுத்தடிக்கும்போது முறைப்பாரே, அதே முறைப்பு.

பாட்டுக்குள் இறங்கினேன். பாடுவதற்கு முன் எப்போதும் இழுப்பதுபோல் அவர் மூச்சை உள்ளே இழுத்தார்.