கட்லர் தெருவின் மேல் ஒரு கோடு

1957 மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில், லூஷியஸ் ஹென்லி தன் வீட்டின் மேலேயே மைக்கோடு இழுத்தான். வரைபடத்தில் அது மிளகளவுச் சதுரம். பக்கத்திலும் எதிரிலும் அதே போல அறுநூறு சதுரங்கள். அமெரிக்க மாநிலங்களை இணைக்கும் புதிய நெடுஞ்சாலை நகருக்குள் நுழைந்து, ஆற்றைத் தாண்டி, அந்தச் சதுரங்களை எல்லாம் நெடுக விழுங்கிக்கொண்டு போனது.

அதுவரை இரண்டு பாதைகள் பேச்சில் இருந்தன. ஒன்று ரயில் யார்டை ஒட்டி, பழைய கிடங்குகள் வழியாக. அதில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும். மற்றது கறுப்பர்கள் வாழும் கட்லர் தெரு வழியாக. எதற்கு மை போட வேண்டும் என்பதை அன்று காலைதான் தலைமைப் பொறியாளர் கெஸ்லர் சொன்னார். கோல்ஃப் மைதானம் தப்பித்துக்கொண்டது.

வரைந்து முடித்ததும் கெஸ்லர் மேசையோரம் வந்து நின்றார்.

"லூஷியஸ், இது வெளிய போச்சுன்னா ஆளாளுக்கு வெலைய ஏத்திருவானுங்க. ஒரு வார்த்த கசிஞ்சாலும் மொதல்ல உன்னத்தான் பார்ப்பாங்க. உன்ன இந்த நாற்காலில உக்கார வைக்க நான் எத்தன பேர்கிட்ட ஏச்சு வாங்கினேன்னு உனக்கே தெரியும்."

"தெரியும் சார்."

தெரியாமல் என்ன? கையில் பொறியியல் பட்டத்தை வைத்துக்கொண்டு, அதே கட்டடத்தில் ஒன்பது வருஷம் லிஃப்ட் ஓட்டியவன் அவன். தினமும் அவனைவிடக் குறைவாகப் படித்தவர்களை நாலாவது மாடியில் இறக்கிவிட்டுக் கீழே வருவான். ஒருவழியாக வரைபடக்காரன் வேலை கிடைத்த அன்று கட்லர் தெருவே கூடியது. எதிர்சாரியில் குடியிருந்த தபால்காரன் ஹோசியா ட்ரெஸ்வான்ட் தெருவில் அடுப்பை வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் கெளுத்தி மீன் பொரித்துப் போட்டான். "நம்மாளு ஒருத்தன் மேல போயிட்டான்யா, இனிமே நமக்குத் தெரியாம ஒரு சந்துகூடப் போட முடியாது!" என்று கத்தினான்.

மனைவி ஒடெஸாவிடம்கூட லூஷியஸ் வாயைத் திறக்கவில்லை. திட்டம் மாறலாம், பணம் ஒதுக்காமல் போகலாம், கோடு நகரலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மை போட்ட கோடு நகராது என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்?

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஹோசியா தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தான். முகமெல்லாம் பல்.

"டேய் லூஷியஸ், அந்தச் செங்கல் வீடு விலைக்கு வருதுடா. முனை வீடு, பேரி மரம் நிக்குமே. பதினோரு வருஷம் வாடக குடுத்தாச்சு. வாங்கிரலாம்னு என் வீட்டுக்காரி வெர்டெல் தலைகீழா நிக்கிறா."

லூஷியஸ் கையிலிருந்த எலுமிச்சைச் சாற்றைக் கீழே வைத்தான்.

"கையில இருக்கிற மொத்தமும் போயிரும்டா" என்றான் ஹோசியா. "அதான் உன்கிட்ட ஒரு வார்த்த கேக்கலாம்னு வந்தேன். ரோட்டு ஆபீஸ்ல இருக்கிற. இந்தப் பக்கம் ஏதாச்சும் பேச்சு அடிபடுதா?"

கேள்வி அவ்வளவு நேராக வந்தது. தெருவில் ஐஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. தலையை அசைத்திருந்தால் போதும். கண்ணைக் காட்டியிருந்தால்கூடப் போதும், ஹோசியா புரிந்துகொண்டு எழுந்து போயிருப்பான்.

"நல்ல வீடுதான்" என்றான் லூஷியஸ்.

"பாத்தியா! நீ சொன்னா சரி." ஹோசியா அவன் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

அடுத்த பதினாறு மாதங்கள் அந்த வீட்டுக்கு ஹோசியா செய்யாத சேவகம் இல்லை. கூரை மாற்றினான். சமையலறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணியைப் பிடிக்க லூஷியஸைக் கூப்பிட்டான். லூஷியஸ் போய்ப் பிடித்தான்.

1958 அக்டோபரில் செய்தித்தாளில் வந்துவிட்டது. மக்கள் கருத்துக் கேட்கிறோம் என்று பள்ளிக்கூட அரங்கில் கூட்டம் போட்டார்கள். கெஸ்லர் மேடையில் வரைபடத்தைத் தொங்கவிட்டார். வரைபடச் சுருள்களைத் தூக்கி வந்த லூஷியஸ் மேடையோரம் நின்றான். அவனும் வீடு இழப்பவன் என்பதால் ஜனங்கள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "பாவம் பிரதர், உங்க வயித்துலயே அடிச்சிட்டாங்களே" என்று சர்ச் மூப்பர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். லூஷியஸ் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஹோசியா எழுந்தான். அழுத்தந்திருத்தமாகப் பேசினான். ரயில் யார்டு வழியாக ஏன் போகக் கூடாது என்று கேட்டான். கெஸ்லர் மண் உறுதி, வளைவு, செலவு என்று ஏதேதோ சொன்னார். ஹோசியாவுக்குத் திருப்தி இல்லை. மேடையேறி வரைபடத்தின் அருகே போனான். இருபது வருஷமாக ஊராருடைய கோழிக்கிறுக்கல் விலாசங்களைப் படித்துப் பழகிய கண். தன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தான். பிறகு கீழே வலது மூலைக்கு வந்தான். அங்கே பொடி எழுத்தில் வரைந்தவரின் பெயர்ச் சுருக்கமும் தேதியும் இருந்தன.

"1957 மார்ச் நாலு" என்று வாய்விட்டுப் படித்தான். "எல்.ஹெச்.னா யாரு சார்?"

கெஸ்லருக்கு அதில் ஒளிக்க எதுவும் இல்லை. "நம்ம லூஷியஸ்தான். என் ஆபீஸ்லயே சுத்தமான கை."

ஹோசியா திரும்பி லூஷியஸைப் பார்த்தான். மார்ச்சிலிருந்து, தான் வீடு வாங்கிய ஜூன் வரை மூன்று மாதத்தை விரல்விட்டு எண்ண எவ்வளவு நேரம் ஆகும்? பிறகு மேடையை விட்டு இறங்கி, வெர்டெலின் கையைப் பிடித்து எழுப்பி, வெளியே போனான்.

வீட்டுக்கு வந்ததும் ஒடெஸா கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "அவன் வீடு வாங்குறப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் அந்த வீட்டுக்குத் திரைச்சீலை தைச்சுக் குடுத்தேனே, அப்பவும் தெரியுமா?"

"வேல போயிருக்கும், ஒடெஸா."

"போயிருந்தா நான் நாலு வீட்டுத் துணி தொவைச்சிருப்பேன். இப்ப யார் மூஞ்சில முழிக்கிறது?"

மறுநாள் லூஷியஸ் முனை வீட்டுக் கதவைத் தட்டினான். வெர்டெல் திறந்தாள். "அவரு இல்ல" என்றாள். பின்னால் மஞ்சள் சமையலறையில் ஹோசியாவின் முதுகு தெரிந்தது. அவள் அதை மறைக்கவும் முயலவில்லை.

அடுத்த வசந்தத்தில் காலிசெய்யச் சொல்லும் பதிவுத் தபால்கள் வந்தன. கட்லர் தெருவுக்குத் தபால்காரன் ஹோசியாதான். அறுநூறு வீட்டுக்கும் அவன் கையாலேயே கொடுக்க வேண்டியிருந்தது. சிலர் அவனைத் திட்டினார்கள். ஒரு கிழவர் கதவைத் திறக்கவே மறுத்தார். அவன் பெயருக்கும் ஒன்று இருந்தது. அதற்கு அவனே கையெழுத்துப் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

லூஷியஸ் வீட்டுப் படியேறியபோது மணி பதினொன்று.

"இங்க கையெழுத்துப் போடுங்க, மிஸ்டர் ஹென்லி."

முப்பது வருஷப் பழக்கத்தில் அவன் லூஷியஸை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"ஹோசியா, நான் சொல்றத ஒரு நிமிஷம்..."

"நான் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அது போதும். பேனா வேணுங்களா?"

லூஷியஸ் கையெழுத்துப் போட்டான். ஹோசியா சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுப் படியேறினான்.

முனை வீட்டுக்குக் கிடைத்த இழப்பீடு, ஹோசியா கொடுத்த விலையில் பாதிகூட இல்லை. குடும்பம் அரசாங்க அடுக்குமாடியின் ஏழாவது தளத்துக்குப் போனது. வெர்டெல் அங்கிருந்து தன் தங்கையோடு டெட்ராய்ட்டுக்குப் போய்விட்டாள் என்றும், ஹோசியாவும் பின்னாலேயே போனான் என்றும் பேச்சு. லூஷியஸுக்கு நேரில் யாரும் சொல்லவில்லை. அவனும் ஒடெஸாவும் நகரின் மேற்கே ஒரு வீடு பிடித்தார்கள். அங்கேயும் கட்லர் தெருக்காரர்கள் சிலர் இருந்தார்கள். சர்ச்சில் இவர்கள் உட்காரும் வரிசை எப்போதும் பாதி காலியாக இருந்தது.

சாலை திறந்த வருஷம் கெஸ்லர் அவனுக்குச் சம்பளம் உயர்த்தினார். பக்கத்து மாநிலத்து நகரம் ஒன்றின் வேலை வந்திருப்பதாகச் சொல்லி, மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார். மறுபடியும் மிளகளவுச் சதுரங்கள்.

"இங்க யார் சார் குடியிருக்காங்க?" என்று லூஷியஸ் கேட்டான்.

"உனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல" என்றார் கெஸ்லர், ஆறுதலாக.

லூஷியஸ் மைக்கூட்டைத் திறந்தான்.