நல்ல தண்ணீர் எடுக்கப் போகிறவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று என் மருமகள் எனக்கு ஊற்றிக் கொடுத்த ஒரு கிண்ணம் தேநீரிலிருந்து வந்த கதை இது. கற்பனை என்று சாதிக்க எனக்குத் தெம்பில்லை.

முதல் தொடக்கம்: "சிர்தாரியா ஆற்றின் மேல் பனி..." சே, வேண்டாம். ஆற்றை வைத்து ஆரம்பித்தால் எங்களுக்குத் தண்ணீர்க் கவலையே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். எங்கள் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். கெட்டிலின் அடியில் விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு. (எலுமிச்சை உப்பு போட்டுக் கொதிக்கவிட்டால் போகும், மறுவாரமே வந்துவிடும்.) அதில் போட்ட தேநீரில் ஆடை படரும், பால் சேர்த்தாலும் நிறம் வராது.

2

இரண்டாம் தொடக்கம்: "ஓர் ஊரில் ஒரு கொடுமைக்கார மாமியார்..." இதுவும் வேண்டாம். (வேண்டாமா? அந்த மாமியார் நான்தான். அதனால்தான் கை ஓடவில்லை.)

என் மருமகள் ஐஜமாலுக்கு இது ஆறாம் மாதம். போன வருஷம் ஒன்று தங்கவில்லை. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது என் காதிலும்தான் விழுந்தது. ஆனாலும் தினமும் ரயில் நிலையத்துக் குழாயிலிருந்து இருபது லிட்டர் நல்ல தண்ணீரைச் சறுக்குவண்டியில் இழுத்து வருகிறாள். அவள் புருஷன், என் சின்ன மகன், எண்ணெய்க் கிணற்று வேலையில் இருக்கிறான், மாதம் ஒருமுறைதான் வருவான். எனக்கோ முழங்கால் வலி, அதனால்

[இந்த வாக்கியத்தை அடித்துவிடலாம். பொய்யில்லை. ஆனாலும் அடித்துவிடலாம்.]

3

நேற்று நாத்தனார் குல்யாஷ் வந்தாள். போன முறை குழாய்த் தண்ணீரில் தேநீர் கொடுத்ததற்கு, "என்ன அண்ணி, டீயா இது, சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பா?" என்று கேட்டு, தெரு முழுக்கச் சொல்லி மானத்தை வாங்கியவள்.

"அத்தே, இன்னைக்கு ஒரு நாள் குழாய்த் தண்ணியில போட்டுரவா? இடுப்பு விட்டுப்போகுது."

"அவ வாய்க்கு யாரு பதில் சொல்றது? சட்டுனு போயிட்டு வந்துரும்மா."

போனாள். வந்தாள். ஊற்றினாள்.

எங்கள் பக்கத்தில் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவோம்; தீரத் தீர வாங்கிக் குடிக்கலாம். விளிம்பு வரை ஊற்றினால், "போதும், கிளம்பு" என்று பொருள். ஐஜமால் குல்யாஷுக்குப் பாதி ஊற்றினாள். எனக்கு விளிம்பு வரை.

"அடியாத்தி! உங்க வீட்டுலயே உங்களைக் கிளம்பச் சொல்றாளே, அண்ணி!" குல்யாஷுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"கை தவறிப்போச்சு, அத்தே" என்றாள் ஐஜமால். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

4

முடிவு, ஒன்று: கை தவறித்தான் ஊற்றினாள். அப்படியானால் குல்யாஷின் கிண்ணத்தில் மட்டும் ஏன் தவறவில்லை என்று யாராவது கேட்பீர்கள். அடித்துவிட்டேன்.

இரண்டு: தெரிந்தேதான் ஊற்றினாள். நான் என் மூத்த மகன் வீட்டுக்குப் போய்விடுகிறேன், குழந்தை நல்லபடியாகப் பிறக்கிறது. இதை எழுதும்போது அழுகை வந்தது. எனக்காகத்தான் அழுதேன், வெட்கக்கேடு.

மூன்று: "இனிமே நீ போக வேணாம்மா" என்கிறேன். அவள்

இதை முடிக்க முடியவில்லை. குல்யாஷ் இன்றைக்கும் வருகிறாளாம். குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஐஜமால் வாசலில் பூட்ஸ் மாட்டுகிறாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை பக்கம் எழுதியவளுக்கு வாய் வரவில்லை.

நீங்களாவது அவளை உள்ளே கூப்பிடுங்கள்.