எண்ணெய் விட ஒரு திறப்பு

கித்தான் நாலு மடிப்பாகச் சேரும் இடத்தில் ஊசி இறங்க மறுத்தது. தேவகிருபை மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, மிஷினின் சக்கரத்தைக் கையாலேயே உருட்டி ஒவ்வொரு குத்தாக இறக்கினாள். எதிர்ப்பக்கம் வெங்கடேஸ்வரி மீதித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் தாங்காவிட்டால் துணியின் கனமே தையலைக் கோணலாக இழுத்துவிடும். வெயில் ஏற ஏறத் துணியிலிருந்த மெழுகு இளகி, மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

"ஏட்டி, செத்த தூக்கிப் பிடி. நிக்கியா, தூங்குதியா?"

"நின்னுக்கிட்டே தூங்குதேன். நைட் ஷிப்ட் பாத்த உடம்பு, லேசுல மாறுமா?"

இம்மானுவேலின் படுதாக் கடை ராஜபாளையத்தில் சங்கரன்கோவில் ரோட்டில் இருக்கிறது. எப்போதும் லாரிப் படுதாதான். ஓரம் மடித்து, ரிங் அடித்து, கயிறு கோத்தால் வேலை முடிந்தது. இந்த ஆர்டர் அப்படியில்லை. மூடிக் கிடக்கும் நூல் மில்லிலிருந்து கழற்றிய ரிங் ஃபிரேம்களுக்கு, அதாவது நூல் நூற்கும் மிஷின்களுக்கு, போர்வை தைக்க வேண்டும். கயிறே கிடையாது. அகலமான பெல்ட்டுகளைத் துணியோடு சேர்த்தே தைத்து, நுனியில் இரும்புப் பக்கிள் வைக்க வேண்டும். மிஷினைச் சுற்றி இழுத்துப் பூட்டினால் ஆணி அடித்த மாதிரி நிற்கும். பக்கிள் உட்காரும் இடத்தில் அடித்துணி இரட்டையாக இல்லாவிட்டால் இழுத்த இழுப்பில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அந்த இடங்களைத்தான் தேவகிருபை கையால் உருட்டி உருட்டித் தைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாளே தோள்பட்டை செத்துவிட்டது.

இரண்டு பேரும் அந்த மில்லில் பக்கத்துப் பக்கத்து ஃபிரேமில் சைடு பார்த்தவர்கள். அறுந்த இழையை ஓடி ஓடி ஒட்டியே பாதி ஆயுசைக் கழித்தவர்கள். மிஷின் தெரிந்தவர்கள் என்பதால்தான் இம்மானுவேல் கூப்பிட்டிருந்தார். பொங்கல் கழிந்து மில்லை மூடியபோது மேனேஜர் எல்லோரையும் கேட்டுக்கு முன்னால் நிறுத்திப் பேசினார். மிஷின்களெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கட்டுகிற புது ஷெட்டுக்குப் போகின்றன, கூரை வேலைதான் பாக்கி, கூரை முடிந்ததும் பழைய ஆட்களைத்தான் கூப்பிடுவோம், பஸ்கூட விடுவோம் என்றார். இடையில் வேறு மில்லிலோ தறியிலோ சேர்ந்துவிட்டால் பழைய சர்வீஸ் போய்விடும் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் அந்தக் கடைசிப் பேச்சுதான் தேவகிருபையின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

தம்பி பெண்டாட்டி ஜூடி, செட்டியார்பட்டியில் தான் வேலை பார்க்கும் பேண்டேஜ் தறியில் ஓர் இடம் சொல்லி வைத்திருந்தாள். நிரந்தர வேலை. தேவகிருபை போகவில்லை. புருஷன் நேசையனுக்கு இடுப்பு விழுந்து அவர் வீட்டோடு கிடக்கிறார், மகள் பிளஸ்ஸி நர்சிங் படிக்கிறாள். அத்தனை வருஷ சர்வீஸைத் தூக்கிப் போட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. படுதாக் கடையில் தினக்கூலிதானே, இது வேறு வேலையில் சேர்ந்ததாகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆர்டர் கொடுத்த மதுரைக் கான்ட்ராக்டர் நீளம், அகலம், உயரம், பெல்ட் வரும் இடம், இவ்வளவுதான் குறித்துக் கொடுத்திருந்தார். முதல் போர்வையை விரித்துப் பார்த்ததுமே தேவகிருபைக்கு மனசு ஒப்பவில்லை.

"அண்ணாச்சி, அங்க கூரையே இல்லங்காவ. மழை முடியிற மட்டும் மிஷினு வெளியதான கெடக்கும்? எண்ணெய் யாரு விடுவா?"

இம்மானுவேல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அதுக்கு நாம என்ன செய்ய, தாயி?"

"பொங்கலுக்கு நாலு நாள் நிப்பாட்டுனாலே பேரிங் பிடிச்சுக்கிடும். எண்ணெய் விடணும்னு தெனமும் பக்கிளக் கழத்திப் பூட்டுனா, பெல்ட்டு தொய்ஞ்சு போகும். தலைப்பக்கத்துல கை போற அளவுக்கு ஒரு தெறப்பு வச்சுத் தாரேன். மேல மூடி, சுத்தி வெல்க்ரோ, ஓரத்துல ஒரு சின்ன பக்கிள். வேணுங்கிறப்ப தெறந்து ரெண்டு சொட்டு விட்டுட்டு மூடிக்கிடலாம்."

"அளவுல இல்லையேம்மா."

"அவியளுக்கு என்ன தெரியும்? சைடு பாத்தவ சொல்லுதேன்."

தலைப்பக்கம் என்பது மோட்டாரும் பல்சக்கரங்களும் இருக்கிற முனை. அங்கே எண்ணெய்க் குழி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே அவளால் தொட்டுக் காட்ட முடியும். இம்மானுவேல் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். மில்காரர்களுக்குப் பிடித்துப் போனால் அடுத்த ஆர்டரும் நமக்குத்தான் என்று கணக்குப் போட்டிருப்பார். எல்லாத் தலைப்பக்கப் போர்வையிலும் திறப்பு வைத்தார்கள். வெங்கடேஸ்வரிக்குச் சிரிப்பாக வந்தது.

"பெத்த பிள்ளைக்குச் சட்ட தைக்கிறப்பகூட நீ இம்புட்டுப் பாக்கலட்டி. பிளஸ்ஸிக்குப் பாதிப் பாவாடையில நாடாவே இருக்காது."

"பிளஸ்ஸி வாயத் தெறந்து கேப்பா. இது கேக்குமா?"

போட்டுப் பார்க்கிற அன்று போர்வைகளைச் சிறிய லாரியில் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் மில்லுக்குப் போனார்கள். கேட்டில் பழைய வாட்ச்மேன் பாண்டிச்செல்வம்தான். பட்டாளத்திலிருந்து வந்தவர். சட்டை மடிப்பு இன்னும் கலையவில்லை. தெரிந்த முகங்கள்தான் என்றாலும் பெயர் எழுதிக்கொண்டு, பையைத் திறக்கச் சொல்லி, தூக்குச்சட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

"வீட்டுல எப்படிக்கா இருக்காவ?"

"அப்பிடியேதான் இருக்காவ."

உள்ளே சத்தமில்லாத மில்லைத் தேவகிருபை அதுவரை பார்த்ததில்லை. பேச வேண்டுமென்றால் காதோடு கத்த வேண்டிய இடம் அது. இப்போது புறா சிறகடிப்பது கேட்டது. ஃபிரேம்கள் நின்ற வரிசையில் தரை மட்டும் வெள்ளையாக இருந்தது. மிஷின்களைத் துண்டு துண்டாகக் கழற்றி, தலைப்பக்கங்களை மரக்கட்டைகள் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். தன்னுடையதை அவள் உடனே கண்டுபிடித்துவிட்டாள். ஆயுத பூஜைக்கு வெங்கடேஸ்வரி வைத்த குங்குமமும், அதற்குக் கீழே குருத்தோலை ஞாயிற்றுக்குத் தான் செருகிய ஓலைச் சிலுவையும் அப்படியே இருந்தன. சேலைத் தலைப்பால் பஞ்சுத் தூசியைத் துடைத்துவிட்டாள்.

முதல் போர்வையை அதற்கே போட்டார்கள். இருபுறமும் நின்று பெல்ட்டை இழுத்தபோது பக்கிள்கள் ஒவ்வொன்றாக 'டக் டக்'கென்று விழுந்தன. ஒரு சுருக்கமில்லை. கான்ட்ராக்டர் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். தொப்பையும் வியர்வையுமாக, நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார்.

"அளவெடுத்துச் சட்டை தைச்ச மாதிரி இருக்கே. யாரு தைச்சது?"

இம்மானுவேல் பெருமையாகக் கை காட்டினார். கான்ட்ராக்டரின் பார்வை அதற்குள் ஓரத்து மூடிக்குப் போய்விட்டது. வெல்க்ரோவைப் பிரித்து உள்ளே கையை விட்டார்.

"இது என்னம்மா ஓட்டை?"

"எண்ணெய் விடுறதுக்குய்யா. அங்க போயி நிக்கிறப்ப போர்வையப் பிரிக்காமலே..."

"ஓட்டையே இருக்கக் கூடாதும்மா! கப்பல்ல எத்தனை நாள் கிடக்கும்? உப்புக்காத்து உள்ளே போச்சுன்னா அங்க இறக்குறப்ப துருதான் இருக்கும். வாங்குறவன் என் கழுத்தைப் பிடிப்பான்."

தேவகிருபை அவர் முகத்தையே பார்த்தாள். "கப்பலா?"

"ஆமா. தூத்துக்குடி ஹார்பரு."

"சீவில்லிபுத்தூருக்கு எதுக்குய்யா கப்பலு?"

கூட வந்த லோடுமேன் ஒருவன் சிரித்துவிட்டான். கான்ட்ராக்டர் சிரிக்கவில்லை. இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்ககிட்ட சொல்லலையா? எல்லாம் வித்தாச்சும்மா. ஆப்பிரிக்கா பக்கம் போகுது. கட்டி அனுப்புறது மட்டும்தான் என் வேலை."

"அப்ப புது ஷெட்டு?"

"எனக்கு எந்த ஷெட்டும் தெரியாதும்மா."

வெங்கடேஸ்வரி மேனேஜர் அறைக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. அவருடைய நம்பருக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்து அடங்கியது. பாண்டிச்செல்வத்திடம் கேட்டபோது, "அவுரு போன மாசமே கோயம்புத்தூர் போயிட்டாரேக்கா, ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்" என்றார். திரும்பி வந்த வெங்கடேஸ்வரி வாய்க்கு வந்தபடி தெலுங்கில் திட்டினாள். தேவகிருபைக்கு அதில் ஒன்றும் புரியவில்லை, எல்லாம் புரிந்தது.

அவள் சுவரோரமாகப் போய் ஜூடிக்குப் போன் போட்டாள். பின்னால் தறிச் சத்தம் இரைந்தது.

"ஜூடி, அந்த எடம்... நான் வாரேன்னு சொல்லிரு."

"என்ன மதினி இப்பச் சொல்லுதிய? எம்புட்டு நாள் பிடிச்சு வச்சேன்! முந்தாநாளுதான் சேத்தூர்ப் பிள்ள ஒண்ணு வந்து சேந்துச்சு. பொறவு காலியானா சொல்லுதேன், என்ன?"

"சரிட்டி."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு அப்படியே நின்றாள். அழுகை வருமென்று நினைத்தாள். வரவில்லை. மேனேஜர் கேட்டுக்கு முன்னால் நின்று பேசியபோது தானும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டியது ஞாபகம் வந்தது. அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

இம்மானுவேல் தயங்கித் தயங்கி வந்தார். "தாயி, சாயங்காலம் முத வண்டி ஏறணுமாம். மறுபடி கடைக்குக் கொண்டு போயித் தைக்க நேரமில்ல. போர்வைய வேண்டாம்னுட்டா நான் தொலைஞ்சேன். துணி முச்சூடும் கடன்ல எடுத்தது."

"தைக்காத கிருபை" என்றாள் வெங்கடேஸ்வரி. "அப்பிடியே போட்டும். கடல்ல துருப்பிடிச்சு நாசமாப் போட்டும்."

"துருப்பிடிச்சா நமக்குத் திரும்பி வந்துருமாட்டி?" தேவகிருபைக்குச் சுள்ளென்று வந்தது. "அண்ணாச்சி நம்மள ஏமாத்துனாரா? அந்த ஊர்லயும் எவளோ ஒருத்திதான சைடு பாக்கப் போறா. ஊசியக் கொண்டா."

துணிக்கட்டோடு வந்திருந்த வளைந்த படுதா ஊசியை இம்மானுவேல் எடுத்துக் கொடுத்தார். முதல் திறப்பில் ஊசியை வைப்பதற்கு முன் அவள் லோடுமேனிடமிருந்து எண்ணெய்க் குவளையை வாங்கிக்கொண்டு உள்ளே கையை விட்டாள். பார்க்கத் தேவையில்லாமல் விரல் போய்க் குழியில் நின்றது. ரெண்டு சொட்டு விட்டாள். மூடியைப் படிய வைத்துச் சுற்றிலும் நெருக்கமாகத் தைக்க ஆரம்பித்தாள். ஊசி ஏறாத இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்ற வெங்கடேஸ்வரி, பிறகு எதிரே வந்து உட்கார்ந்து துணியைத் தாங்கிப் பிடித்தாள்.

முடிந்தபோது ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டிருந்தது. இம்மானுவேல் கடையைப் பார்க்க முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தார். ஊசியை நாளைக்குக் கொண்டு வரச் சொல்லியிருந்தார். தேவகிருபை அதை ஒரு கித்தான் துண்டில் குத்திச் சுருட்டித் தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

கேட்டில் பாண்டிச்செல்வம் வழி மறித்தார். "பையச் செத்த காட்டுங்கக்கா."

"இன்னுமா?" என்றாள் வெங்கடேஸ்வரி.

"நான் என்ன செய்ய? உள்ள இருந்து ஒரு துண்டு நூலு வெளிய போகக் கூடாதுன்னு ரூலு. இன்னும் மாத்தலையே."

தேவகிருபை பையை விரித்துப் பிடித்தாள். அவர் தூக்குச்சட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஹாரன் அடித்தது. "செத்த ஒதுங்கி நில்லுங்கக்கா, வண்டி போகட்டும்" என்று பாண்டிச்செல்வம் ஓடிப்போய்க் கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்தார்.

லாரி மெல்ல வந்தது. பச்சைக் கித்தானுக்குள் தலைப்பக்கங்கள் வரிசையாக நின்றன. பெல்ட்டுகள் விறைப்பாக இருந்தன. ரோட்டு மேட்டில் சக்கரம் ஏறி இறங்கியபோதும் ஒரு பக்கிள்கூட அசையவில்லை. முன்சீட்டிலிருந்த கான்ட்ராக்டரைப் பார்த்துப் பாண்டிச்செல்வம் கால் சேர்த்துச் சல்யூட் வைத்தார். தேவகிருபை பையை விரித்துப் பிடித்தபடியே சுவரோடு ஒட்டி நின்றாள்.

புழுதி அடங்கியதும் கதவை இழுத்துச் சாத்திவிட்டு அவர் திரும்பி வந்து பைக்குள் கையை விட்டார்.

"இந்த ஊசி உள்ள வரும்போது எழுதலையேக்கா. இத இங்க வச்சுட்டுப் போங்க."