சாய்ந்து தூக்கிய கை

காலை எட்டு மணிக்கே ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறை வாசலில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்க்க இருக்கும் பிசியோதெரபிஸ்ட் இவள் ஒருத்திதான். அவளுடைய வலது தோளும் நான்கு மாதமாக வலிக்கிறது. அதற்கு மட்டும் இன்னும் டோக்கன் கிடைக்கவில்லை.

வலி வந்தது வீட்டில். பக்கவாதத்தில் படுத்த அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது அவர் வழுக்க, ஒரே கையால் தாங்கிப் பிடித்தாள். தோளுக்குள் துணி கிழிகிற மாதிரி ஏதோ ஆனது. வேறு யாராவது வந்து இப்படிச் சொல்லியிருந்தால், தசைநார் கிழிந்திருக்கும், ஸ்கேன் எடுங்கள் என்றிருப்பாள். தனக்கென்றதும் வெறும் இறுக்கம்தான் என்று முடிவுகட்டி, வலிக்க வலிக்க இழுத்து நீட்டினாள். கிழிசலை இழுத்தால் சேருமா? படித்த புத்தி புல் மேயப் போயிருந்தது.

கிழிசல் என்றால் ஆபரேஷன் வரும். கையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு ஆறு வாரம் இருக்க வேண்டும். அப்பாவை யார் தூக்குவது? அடுத்த தெருவில் தம்பி இருக்கிறான், இருந்து என்ன! எப்போது கூப்பிட்டாலும், நீதானேக்கா அதுக்குப் படிச்சவ என்பான். கேட்டுக் கேட்டு அவளும் அதை நம்பிவிட்டாள். பயமும் அலுப்பும் சேர்ந்தால் எதையும் நம்பலாம்.

அன்று நான்காவதாக வந்தவர் பெயின்டர். இருபது வருஷம் அண்ணாந்து சீலிங் அடித்தே தோளைக் கெடுத்துக்கொண்டவர்; வாய் மட்டும் கெடவில்லை. கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னால், உடம்பை மறுபக்கம் சாய்த்துத் தோளைக் காதுவரை ஏற்றிவிடுவார். அது ஏமாற்று வேலை, கை ஏறவில்லை உடம்புதான் சாய்கிறது என்று ஆறு வாரமாகக் கத்தி அவளுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"நேரா நின்னு இப்படித் தூக்குங்கண்ணே" என்று செய்து காட்டினாள்.

பெயின்டர் சுவர்க் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். கேலி செய்யப்போகிறார் என்று நினைத்தாள். செய்யவில்லை.

"மேடம், நீங்களும் சாயறீங்க."

இல்லையே என்றாள். அவர் விடவில்லை. தசைநார் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க முதல் நாள் அவள் அவருக்குச் செய்த சோதனையை நினைவு வைத்திருந்தார். இடது கையால் வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி விட்டுவிட்டு, மெதுவாக இறக்கிப் பார்க்கச் சொன்னார். அவள் விட்டதும் கை தொப்பென்று தொடையில் விழுந்தது. வலியில் கண்ணீர் முட்டியது. அதைவிட வெட்கமாக இருந்தது.

பெயின்டர் தலையைக் குனிந்துகொண்டு தன் பயிற்சியைத் தானே செய்யத் தொடங்கினார், சாயாமல்.

அவள் மாடியிலிருந்த எலும்பு டாக்டருக்குச் சீட்டு எழுதினாள். எத்தனையோ பேருக்கு எழுதிய வரிகள்தான்: தசைநார் கிழிந்திருக்கலாம், ஸ்கேன் தேவை, பளு தூக்கக் கூடாது. நோயாளி பெயர் என்ற இடத்தில் பேனா சற்று நின்றது. தன் பெயரை எழுதிவிட்டுத் தம்பிக்கு போன் போட்டாள். இன்றிலிருந்து அப்பாவை அவன்தான் தூக்க வேண்டும் என்றாள். அங்கிருந்து அதே பழைய பாட்டு வந்தது, நீதானே அதுக்குப் படிச்சவ என்று.

"ஆமாடா. படிச்சவதான் சொல்றேன், என் கை போச்சு. ஆறு மணிக்கு வந்துடு."