கூடாரம் கொள்ளும் தெரு

பிஷ்கெக் நகரின் ஓரத்தில் புதிதாக எழும்பிய அந்தக் குடியிருப்புக்குத் தண்ணீர் வந்துவிட்டது, மின்சாரம் வந்துவிட்டது, வம்பும் வந்துவிட்டது. தெரு மட்டும் இன்னும் சேறுதான். அதை எப்படிப் போடுவது என்று முடிவெடுக்க, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அந்தச் சேற்றிலேயே கூடினார்கள்.

ஜூராகானுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தன் வாசலுக்கு முன்னால் கம்பளிக் கூடாரம் ஒன்று நிற்கிற அளவுக்குச் சமதரை. அவர்கள் வழக்கப்படி, இறந்தவரை வாசலில் போட்ட கூடாரத்தில்தான் கிடத்த வேண்டும். பெண்கள் உள்ளே அழ, ஆண்கள் வெளியே நின்று அழுவார்கள். அவள் கணவர் குளிர்காலம் முழுக்கப் படுக்கையில் கிடக்கிறார். மருத்துவர் கையை விரித்துவிட்டார். ஆனால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற மனிதருக்குக் கூடாரம் போட இடம் வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? கேட்டால் சாவை வா என்று அழைத்ததாகிவிடும்.

"ரெண்டு பக்கமும் கார் நிக்க இடம் விடணும்" என்றான் டாக்ஸி ஓட்டும் தெமிர்பெக். ஜூராகான் கை தூக்கினாள். காரை எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாமே.

"காருக்கு இடம், மனுசனுக்குக் கிடையாதா? நடைபாதை போடுங்க. புள்ளைங்க சேத்தோட வகுப்புக்கு வந்தா பெருக்கறது நாந்தான்!" என்று டீச்சர் குல்பாரா கத்தினாள். அதற்கும் ஜூராகான் கை தூக்கினாள். பிறகுதான் நடைபாதைக்கு மேடு கட்டுவார்கள், கூடாரம் கோணலாக நிற்கும் என்று உறைத்தது. கையை இறக்கினாள்.

"தெருவையே அகலமாப் போட்டுட்டா?" என்று எவனோ கேட்டான். அவள் கை மறுபடி மேலே போனது. அகலத் தெருவில் லாரி ஓடுமே என்று நினைத்ததும் பாதியில் நின்றது.

"அக்கா, தூக்கறீங்களா, தலை சொறியறீங்களா?" என்றான் தெமிர்பெக். கூட்டம் சிரித்தது. அவளுக்கு அழுகை வந்தது.

வரைபடத்தை விரித்து வைத்திருந்த இளம் என்ஜினியர் அஸ்கத் பொறுமையாகக் கேட்டான். "உங்ககிட்ட கார் இருக்காக்கா?"

"இல்ல."

"அப்புறம் வாசல்ல எதுக்கு இடம்?"

"விருந்தாளி வருவாங்க."

"எத்தனை பேரு?"

"எல்லாரும் வருவாங்க, தம்பி. சொந்தம், பந்தம், அவரோட வேலை பார்த்தவங்க எல்லாரும்."

"அட, விசேஷமா? எப்போ?"

ஜூராகான் தன் வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். "எப்போன்னு தெரியலியே" என்றாள் கடைசியில்.

சிரிப்பு அடங்கிவிட்டது. என்ஜினியர் மட்டும், "கல்யாணமா?" என்று ஆரம்பித்தான். தெமிர்பெக் அவன் காலை மிதித்தான்.

"இவங்க பக்கம் நடைபாதை வேணாம்" என்றாள் குல்பாரா. இவ்வளவு நேரம் அதற்காகவே தொண்டை கிழியக் கத்தியவள். "மேடு, கல்லு, மரம் எதுவும் வேணாம். மட்டமா விட்டுடுங்க."

"நானும் அங்க வண்டி நிறுத்த மாட்டேன்" என்றான் தெமிர்பெக். என்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு கோட்டை அழித்தான்.

ஜூராகான் வீட்டுக்கு வந்தபோது, கணவர் தலையணையில் சாய்ந்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கிழவி, ஒரே சத்தம்? என்ன முடிவாச்சு?"

"நம்ம பக்கம் மட்டமா விட்டுட்டாங்க."

"நடைபாதை?"

"எதிர்ப்பக்கந்தான்."

அவர் முகம் வாடிப்போனது. "அடடா. வெயில் வந்ததும் எந்திரிச்சு நம்ம வாசல்லயே கொஞ்சம் கொஞ்சமா நடக்கலாம்னு இருந்தேன். எதிர்ப்பக்கம் வரைக்கும் எப்படிப் போவேன்? அவ்வளவு நேரம் அங்க நின்னியே, எனக்காக ஒண்ணு கேக்கணும்னு உனக்குத் தோணலியா?"

கேட்டு வாங்கியதை இனி யாரிடம், என்ன சொல்லித் திருப்பிக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. "நாளைக்குக் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவருக்குத் தேநீர் ஊற்றினாள்.