ஊஞ்சலில் பாதி இடம்

"அந்தக் காலத்துல இந்த வீட்டுல எனக்கு என்னடி வேலை இருந்திருக்கும்? உனக்கு விசிறி வீசுறதா?" என்று வெர்லீன் ஒருமுறை கேட்டாள். அவள் கறுப்பினப் பெண், நான் வெள்ளைக்காரி. பள்ளியை விட்ட பின் எனக்கிருந்த ஒரே தோழி. அமெரிக்காவின் மிசிசிப்பியில் எங்கள் பழைய மாளிகையின் முகப்பு ஊஞ்சலில் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். நான் சிரித்து மழுப்பினேன்.

அதன்பின் அவள் வரவில்லை. தினமும் ஊஞ்சலில் பாதி இடம் விட்டுக் காத்திருந்தேன்.

வசந்தத்தில் மாளிகை பார்க்கப் பயணிகள் வந்தார்கள். அம்மா, அடிமைமுறைக்காகப் போரிட்ட தெற்கின் பழைய கொடியைத் தூணில் கட்டி, அந்தக் காலத்து எஜமானிகள் உடுத்திய, வளையம் வைத்துக் குடையாய் விரிந்த நீலப் பாவாடையை எனக்கு மாட்டினாள். "நம்ம பரம்பரைப் பெருமைடி, சிரி!"

அன்றுதான் வெர்லீன் படியேறி வந்தாள்.

"உட்காருடி" என்றேன். பாவாடை ஊஞ்சலையே அடைத்திருந்தது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது.

அவள் கொடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். படியிறங்கிப் போனாள்.